விளிம்பில் ஒரு வேண்டுதல்

பழைய பிரெஞ்சு ஐந்து பிராங்க் வெள்ளிக்காசு கையில் வந்தால் எல்லோரும் முதலில் தலையைப் பார்ப்பார்கள். நான் விளிம்பைப் பார்ப்பேன்.

இப்போது என் மேசைமேல் இரண்டு காசுகள். ஒன்று 1834, லூயி பிலிப் அரசர் தலை. விளிம்பைச் சுற்றி லத்தீனில் புடைத்த எழுத்துகள்: ஆண்டவரே, அரசரைக் காத்தருளும். மற்றது 1873. முகப்பில் ஹெர்குலிஸ், இருபுறமும் சுதந்திரமும் சமத்துவமும் பெண்ணுருவில். 1795-இல் துய்ப்ரே செதுக்கிய உருவம் அது. விளிம்பில் பிரெஞ்சு: கடவுளே, பிரான்ஸைக் காத்தருளும். அரசருக்காக இருந்த வேண்டுதல் நாட்டுக்கு மாறிவிட்டது. இரண்டையும் விரலால் தடவிப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

மாறாதது எடைதான். ஒரு பிராங்க் 5 கிராம் என்று 1803-இல் சட்டம் வகுத்தார்கள். அதன்படி இந்தக் காசு 25 கிராம். பத்தில் ஒன்பது பங்கு சுத்த வெள்ளி. முடியாட்சி, குடியரசு, பேரரசு என்று ஆட்சிகள் உருண்டன. 1878 வரை அந்த 25 கிராம் அசையவில்லை. அதனால்தான் தராசு இல்லாமல் நான் காசு வாங்கப் போவதில்லை. தேய்ந்த காசு ஒரு துளி குறையும்; செம்பும் நிக்கலும் கலந்த போலி நன்றாகவே குறையும்.

நான் முதலில் வாங்கியது மூன்றாம் நெப்போலியன் காசு, 1868. தேதிக்குப் பக்கத்தில் 'பிபி' என்ற எழுத்துகள். ஸ்ட்ராஸ்பூர்க் நாணயச்சாலையின் அடையாளம். இரண்டே ஆண்டில் போர் வந்தது. 1871-இல் அந்த ஊரே ஜெர்மனி வசம் போனது. அந்தக் காசைக் குத்துவிளக்கு துலக்குவதுபோல் விபூதி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. வெளிச்சத்தில் சாய்த்தபோது கன்னமெல்லாம் மயிரிழைக் கீறல். காட்டியதும் பெரியவர் ஒருவர், "தம்பி, நூறு வருஷமாப் படிஞ்ச நிறத்தை ஒரு நிமிஷத்துல அழிச்சிட்டியே" என்றார். அந்தக் கீறல் இனிப் போகாது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் இப்படி ஒரு காசு கிடந்தால், தயவுசெய்து புளியோ விபூதியோ போடாதீர்கள். உருக்கவும் கொடுக்காதீர்கள். ஓரத்தைப் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சுற்றி, விளிம்பில் இருப்பதைப் படியுங்கள்.