பெயர் இருந்தால் குற்றவாளியா?

"நெட் செத்துப்போச்சு" எண்டு ஒரு கல்வி நிலையத்தில் இருந்து கூப்பிட்டார்கள். நான் போறதுக்கு முன்னமே தீர்ப்பு எழுதியாச்சு: புதுசா வந்த பெடியன் படம் டவுன்லோட் பண்ணுறான். அவனைக் கதிரையால எழுப்பி மூலையில நிப்பாட்டியிருந்தினம்.

வயரில் என்ன ஓடுது என்பதைக் காட்ட வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருள் இருக்கு. திறந்தேன். திரை நிறைய ஏஆர்பி கேள்விகள்: "இந்த ஐபி முகவரி ஆரிட்ட இருக்கு?" எல்லாக் கணினிக்கும் பொதுவாகக் கேட்பதால் இது பிரோட்காஸ்ட். கேள்வி வழமையானதுதான். செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் வருவதுதான் வழமையில்லை. அனுப்பிய இடத்தில் அந்தப் பெடியனின் கணினியின் மாக் முகவரி.

"பாத்தீங்களோ!" என்றார் பொறுப்பாளர்.

அவன்ர கணினியின் வயரைக் கழற்றினேன். கேள்விகள் நிற்கவில்லை.

கழற்றிய கணினி எப்படிக் கதைக்கும்? அவன் எப்போதோ ஒருதரம் கேட்ட கேள்விதான் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தது. ஐபி பக்கெட்டுக்கு டிடிஎல் என்றொரு ஆயுள் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரிலும் குறைந்து, பூச்சியமானதும் பக்கெட் கைவிடப்படும். ஈதர்நெட் பிரேமுக்கு அப்படி ஆயுள் இல்லை. பாதை வளையமானால் பிரோட்காஸ்ட் சுற்றும், பெருகும். இதைத் தடுக்கத்தான் ராடியா பேர்ல்மன் 1985இல் ஸ்பானிங் ட்ரீ முறையை உருவாக்கினார். மலிவான குட்டிச் சுவிட்ச்கள் பலவற்றில் அது கிடையாது.

பிரதான சுவிட்சில் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்தேன். ஒன்பதாவதோடு விளக்குகள் அடங்கின. அந்த வயரைப் பிடித்துக்கொண்டு போனால், மேசைக்குக் கீழே ஒரு குட்டிச் சுவிட்ச். அதுமட்டும் இன்னும் வெறிபிடித்த மாதிரி மின்னுது. ஒரே வயரின் இரண்டு நுனியும் அதிலேயே செருகியிருந்தது. கீழே கிடந்த நுனியை, கழன்றுபோச்சு எண்டு நினைச்சு ஆரோ நல்ல மனசோட செருகியிருக்கினம்.

நாங்கள் வழமையாகச் செய்வது இரண்டு: ஓஃப் பண்ணி ஒன் பண்ணுவது, ஆரையாவது குற்றம் சொல்லுவது. முதலாவது செய்தால் கொஞ்ச நேரம் அடங்கும். அடுத்த பிரோட்காஸ்டோடு திரும்பத் தொடங்கும். இரண்டாவதில் அகப்படுவது எப்பவும் புதுசா வந்தவன்தான்.

பக்கெட்டில் இருக்கிற பெயர், முதலில் கேட்டது ஆர் என்று மட்டும்தான் சொல்லும். பெருக்கினது ஆர் என்று சொல்லாது. அதை அறிய ஒரு வயரைக் கழற்றிப் பார்க்கிற பொறுமை போதும்.

பெடியன் திரும்பவும் கதிரையில வந்து இருந்தான். ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கேல்லை. அந்தப் பிழையைத் திருத்த என்னட்ட மென்பொருள் இல்லை.