மார்ச்ல வர்ற 10,000ஐ விட மாசம் 500 ஏன் பெருசு?

போன வாரம் டேக்ஸ் வீடியோவில் 80ஜி பற்றி மொத்தமே ஒரு நிமிஷம்தான் பேசியிருந்தேன். "நியூ ரெஜிம்ல இருக்கீங்களா? அப்ப நன்கொடைக்கு விலக்கு கிடையாது, அடுத்த பாயிண்ட்" என்று தாண்டிப் போய்விட்டேன். எடிட் பண்ணும்போது எனக்கே உறுத்தியது. ஏன்னா இப்போ பார்க்கிற ஐடி வேலைக்கு முன்னாடி, 2019ல் இருந்து 2022 வரைக்கும், நன்கொடை கேட்கிறதுதான் என் வேலை. அதுக்குத்தான் எனக்குச் சம்பளமே.

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு உதவுற ஒரு தொண்டு நிறுவனம். சென்னையில்தான். ஆஃபர் லெட்டரில் 'ஆனுவல் கிவிங் எக்ஸிகியூட்டிவ்' என்று போட்டிருந்தது. அம்மாவுக்கு அதை விளக்க முடியாமல், சொந்தக்காரங்ககிட்ட "ஆஸ்பத்திரில வேலை" என்று சொல்லி முடித்துக்கொண்டார். பெரிய கம்பெனிகளோட சிஎஸ்ஆர் பணத்தைப் பார்க்க வேற டீம் இருந்தது. எங்க டீமுக்கு வர்றவங்க 500, 1,000, 2,000 கொடுக்கிறவங்க. போன வருஷம் கொடுத்தவரை இந்த வருஷமும் கொடுக்க வைக்கணும். முடிந்தால் மாசாமாசம் கொடுக்கிறவரா மாற்றணும். பாதி நாள் ஃபோன், மீதி நாள் ரசீது.

மார்ச் 20 தாண்டினால் எங்க ஆஃபீஸில் ஃபோன் ஓயாது. எடுத்ததும் வர்ற முதல் கேள்வி, "ரசீது இன்னைக்கே மெயில்ல வந்துடுமாங்க?" கொடுக்கிறவங்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் பணமும் குழந்தைகளுக்குத்தான் போச்சு. ஆனால் ஏப்ரல் 5ஆம் தேதி அதே ஆஃபீஸைப் பார்க்கணும், ஃபேன் சத்தம்தான் கேட்கும்.

குழந்தைகளுக்கு அதிகமா வர்ற ரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை ஏறக்குறைய 2 முதல் 3 வருஷம் ஓடும். முதல் சில மாசம் கடுமையான கீமோ. அப்புறம் நீண்ட காலம் மாத்திரை, ஊசி, ரத்தப் பரிசோதனை என்று வந்து போய்க்கொண்டே இருக்கணும். ஒழுங்கா முடித்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிற நோய் இது. ஆனால் நடுவில் நிறுத்தினால் திரும்ப வர்ற ஆபத்து அதிகம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கே என்று கேட்பீங்க. இருக்கு, பெரிய உதவிதான். அது சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கும். தர்மபுரியில் இருந்து குழந்தையோட வந்து சென்னையில் மாசக்கணக்கில் தங்குற அம்மாவுக்குச் சோறு? அப்பா வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி? பஸ் காசு? பாதியில் நின்றுபோன குடும்பங்களில் நான் அதிகம் கேட்ட காரணம் மருந்து விலை இல்லை, இதெல்லாம்தான்.

எங்ககிட்ட ஒரு சமூகப் பணியாளர் அக்கா இருந்தாங்க. மாசத்துக்கு ரெண்டு தடவையாவது என் டேபிளுக்கு வந்து நிற்பாங்க. "தம்பி, ஒரு பாப்பா வந்திருக்கு, ஏழு வயசு. தங்குற இடத்துல எடுத்துக்கலாமா?" என்பாங்க. முடிவெடுக்கிறது நான் இல்லை. ஆனால் அந்த முடிவுக்குத் தேவையான நம்பர் என்கிட்ட இருந்தது. பேங்க்ல எவ்வளவு இருக்கு என்பது இல்லை அந்த நம்பர். மாசம் எத்தனை மேண்டேட் பாஸ் ஆகுது என்பதுதான்.

நம்ம பாஷையில் சொல்றேன். உங்க போன வருஷ போனஸைக் காட்டினால் எந்த பேங்க்காவது 20 வருஷ வீட்டுக்கடன் கொடுக்குமா? சம்பள ஸ்லிப்பைத்தானே கேட்கும்? தொண்டு நிறுவனத்துக்கும் அதே கணக்குதான். மார்ச்ல வர்ற 10,000 போனஸ் மாதிரி. அடுத்த மார்ச்ல அவர் கொடுப்பாரா என்று யாருக்கும் தெரியாது. மாசம் 500 என்பது சம்பளம். வருஷத்துக்கு 6,000தான், 10,000ஐ விடக் குறைவு. இருந்தாலும், ரெண்டு வருஷம் பார்த்துக்கறோம் என்று ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுக்க அந்த 6,000ஐத்தான் நம்ப முடியும்.

இங்கே சிலர் மதுரை அரவிந்தைச் சொல்வாங்க. 1976ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பித்தார், காசு கொடுக்கிற நோயாளிகளோட வருமானத்திலேயே இலவச சிகிச்சையையும் நடத்திக் காட்டினாங்க, மத்தவங்களும் அப்படிச் செய்ய வேண்டியதுதானே என்று. அற்புதமான மாடல், மறுக்கவே இல்லை. ஆனால் கண்புரை ஆபரேஷன் சில நிமிஷ வேலை, ஒரு கண்ணுக்கு ஒரு தடவை, ஒரே நாளில் நிறைய பேருக்குச் செய்யலாம். ரெண்டு மூணு வருஷம் ஓடுற கீமோவை அந்தக் கணக்கில் அடக்குறது கஷ்டம்.

அடுத்தது, நான் அதிகம் திட்டு வாங்கின கேள்வி. "என் காசு மருந்துக்கு மட்டும்தான் போகணும், உங்க சம்பளத்துக்குப் போகக் கூடாது." ஒருத்தர் நேராவே கேட்டார், "நான் கொடுக்கிறதுல உனக்கு எவ்வளவுப்பா?" எனக்குச் சம்பளம் 22,000, கமிஷன் கிடையாது என்று சொன்னேன். (நன்கொடையில் சதவீதக் கமிஷன் வாங்குவதை உலக அளவில் நன்கொடை திரட்டுவோர் சங்கங்களே தங்கள் நெறிமுறையில் தப்பு என்று வைத்திருக்கின்றன. உங்ககிட்ட கேட்கிறவரிடம் இதை நீங்க தாராளமாகக் கேட்கலாம்.) அவர் கோபம் நியாயம்தான், ஊரில் அவ்வளவு மோசடி நடக்குது. ஆனால் யோசிச்சுப் பாருங்க. செக்கப்புக்கு வராத குடும்பத்துக்கு ஃபோன் போட்டு, "ஏன் வரல, பஸ்ஸுக்குக் காசு இல்லையா, நான் அனுப்பறேன், நாளைக்குக் கிளம்பி வாங்க" என்று கெஞ்சுறது அந்த அக்காதான். கணக்குப் புத்தகத்தில் அவங்களும் 'சம்பளம்' என்கிற தலைப்புக்குக் கீழேதான் வருவாங்க. மருந்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்த பணத்தில் அவங்களை வைத்துக்கொள்ள முடியாது. அதனால என் கருத்து இதுதான்: நிறுவனத்தைக் கேள்வி கேட்டுத் துருவித் துருவித் தேர்ந்தெடுங்க. தேர்ந்தெடுத்த பிறகு எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுங்க.

டேக்ஸ் கணக்கையும் முடிச்சிடுவோம். ஓல்டு ரெஜிம், 30% ஸ்லாப், 50% விலக்கு உள்ள நிறுவனத்துக்கு 10,000 கொடுத்தால், 5,000 கழியும். செஸ் சேர்த்து மிச்சம் 1,560 ரூபாய். அதுக்கு அந்த நிறுவனம் தர்ற நன்கொடைச் சான்றிதழ் வேணும், ரொக்கமா 2,000க்கு மேல் கொடுத்தால் அதுக்கு விலக்கு இல்லை. நியூ ரெஜிமில் மிச்சம் பூஜ்யம். 2023-24ல் இருந்து நியூ ரெஜிம்தான் டிஃபால்ட் என்பதால், இதைப் படிக்கிற உங்களில் நிறைய பேருக்கு இந்தப் பத்தியே தேவையில்லை. வரிக்காக மார்ச் வரைக்கும் காத்திருக்க வேண்டிய காரணமும் இல்லை!

யூடியூப் விளம்பரத்தில் அழுகிற அம்மாவைப் பார்த்து க்ரவுட்ஃபண்டிங்கில் போடுறதும் உதவிதான். ஆனால் நல்ல ஃபோட்டோவும் கதையும் இருக்கிற குழந்தைக்குத்தான் அங்கே பணம் சேரும். வீடியோ எடுக்கக் கூச்சப்படுற குடும்பம் எங்கே போகும்?

யார் கொடுக்க வேண்டாம் என்பதையும் சொல்லிடறேன். கிரெடிட் கார்டில் மினிமம் ட்யூ மட்டும் கட்டிட்டு இருக்கீங்களா? மூணு மாசச் செலவுக்குக்கூட எமர்ஜென்சி ஃபண்ட் இல்லையா? முதல்ல அதைச் சரி பண்ணுங்க. ஆறு மாசத்தில் நிறுத்தப் போகிற 2,000ஐ விட, மறந்தே போகிற மாதிரி 300 போதும். மாசாமாசம் போற எஸ்ஐபி லிஸ்டில் கடைசி வரியா அதைச் சேர்த்து வைங்க.

மறக்கிறது என்றதும் இன்னொன்று. மாசாமாசம் கொடுக்கிறவங்க பெரும்பாலும் மனசு மாறி நிறுத்துறது இல்லை, மேண்டேட் செத்துப்போகுது. 2021 அக்டோபர் 1ல் கார்டு ஆட்டோ டெபிட்டுக்கு ரிசர்வ் வங்கியோட புது விதி வந்தபோது, பழைய பதிவுகள் வரிசையா ஃபெயிலானது. உங்க நெட்ஃபிளிக்ஸ் நின்றதும் அப்போதான். நெட்ஃபிளிக்ஸை அன்று ராத்திரியே சரி பண்ணியிருப்பீங்க. எங்க லிஸ்டில் இருந்தவங்களை நாங்க ஒவ்வொருத்தரா ஃபோனில் பிடிக்க மாசக்கணக்காச்சு. இன்னொரு காரணம் வேலை மாறுறது. புதுக் கம்பெனி, புது பேங்க், புது சாலரி அக்கவுண்ட். பழைய அக்கவுண்டில் பேலன்ஸ் ஜீரோ, மேண்டேட் பவுன்ஸ், அதுக்கு பேங்க் பெனால்ட்டி வேற. அதனால வேலை மாறினாலும் மாறாத சேவிங்ஸ் அக்கவுண்டில் இருந்து போடுங்க.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே அதைத்தான் பண்ணினேன். அங்கே வேலை பார்க்கும்போது மாசம் 500 எனக்கும் ஒரு மேண்டேட் இருந்தது. 2022ல் ஐடிக்கு வந்தேன், சாலரி அக்கவுண்ட் மாறியது. சம்பளம் டபுளுக்கு மேல். பழைய பேங்க் அனுப்பின மெசேஜ் எதையும் நான் திறந்தே பார்க்கவில்லை. எட்டு மாசம் கழித்து தெரியாத நம்பரில் இருந்து ஒரு கால்.

"வணக்கம் சார், நீங்க எங்ககூட மூணு வருஷமா இருக்கீங்க, அதுக்கு முதல்ல நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்..."

புதுசா சேர்ந்த பொண்ணு. நான் யாருன்னு தெரியாது. அந்த ஸ்கிரிப்ட்டை எழுதினதே நான்தான் என்பதும் தெரியாது. அடுத்த வரி என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். விட்டுப்போன எட்டு மாசத்தை அவங்க கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தேன். "லிங்க் அனுப்புங்கம்மா, இந்தத் தடவை வேற அக்கவுண்ட்" என்றேன். நெட் பேங்கிங்கில் முடிக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. தொகையை 1,500 என்று மாற்றினேன். அந்த அக்கா இன்னும் அங்கேதான் இருக்காங்களா என்று கேட்டேன். இருக்காங்களாம்.