ரப்பர் மரமும் மின்கித்தாரும்

ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரில் இரு பெருந்தொழில்கள் வேரூன்றியுள்ளன. ஒன்று, மரத் தளவாடப் பொருள் உற்பத்தி. மற்றொன்று, மின்னணுச் சில்லு உற்பத்தி. அங்கு 1974இல் தொடங்கப்பட்ட சில்லு ஆலை இன்று எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பெயரில் இயங்குகிறது. மரவேலையும் மின்னணுவியலும் ஒரே பொருளில் கைகோக்கும்போது பிறப்பது மின்கித்தார். ஆனால், இத்தகைய மாநிலத்தில் வளரும் மாணவர்களும், கித்தாரின் ஒலி கரகரத்தால் அதனைத் திறந்து பார்க்கத் தயங்குகின்றனர். புதியதொன்றை வாங்கவே எண்ணுகின்றனர். பொருள்களை உருவாக்கவும் பழுது பார்க்கவும் பழகுவது இடைநிலைக் கல்வியின் இன்றியமையாத பகுதியாக வேண்டும். அப்பழக்கத்தைத் தொடங்க மின்கித்தார் மிகப் பொருத்தமான கருவியாகும்.

1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல், இயற்பியல் நூலில் ஒரு பாடம். மின்கித்தார் அதனைக் காதால் கேட்க வைக்கிறது. கித்தார் கம்பிகளுக்கு அடியில் ‘பிக்கப்’ எனப்படும் சிறு பாகம் உள்ளது. அதில், காந்தத்தைச் சுற்றித் தலைமுடியளவே தடிமன் கொண்ட செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. செப்புச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபையர் அதனைப் பெருக்க, ஒலிபெருக்கி அதனை இசையாக்குகிறது. எஃகுக்குப் பதிலாக நைலான் நரம்பைக் கட்டினால் பிக்கப் ஊமையாகிவிடும். ஏன் என்ற கேள்வி மாணவர் மனத்தில் தானாகவே எழும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். இங்கே ஏட்டில் உள்ளது கைக்கு வந்து சேர்கிறது.

மரத்திற்கும் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. தோட்டப்புறத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய ரப்பர் மரம், ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் வளம் குறைந்து வீழ்த்தப்படும். முன்னாளில் அது பெரும்பாலும் விறகாகவே எரிந்தது. அறுத்த பலகையை உடனே போரான் உப்புக் கரைசலால் பதப்படுத்தினால் வண்டும் பூஞ்சையும் அண்டுவது குறையும். இம்முறை பரவியபின், 1980ஆம் ஆண்டுகளிலிருந்து அதே மரம் ஏற்றுமதித் தளவாடப் பொருளாக மதிப்புப் பெற்றது. ஆலையில் எஞ்சும் பலகைத் துண்டு, பள்ளிப் பட்டறையில் கித்தாரின் உடலாக மாறலாம். பயனற்றது என ஒதுக்கப்பட்டதில் பயன் காண்பதே பழுது பார்ப்பவரின் அறிவு.

உலகப் புகழ்பெற்ற கித்தார்கள் சிலவும் இந்த அறிவிலிருந்தே பிறந்தன. அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்தவர். அவருக்குக் கித்தார் வாசிக்கவே தெரியாது. எனினும், 1950இல் அவர் விற்பனைக்குக் கொண்டு வந்த கித்தாரின் கழுத்துப் பகுதி, உடலோடு நான்கு திருகாணிகளால் இணைக்கப்பட்டிருந்தது. பழுதானால் கழற்றி மாற்றிவிடலாம். இங்கிலாந்தில் பிரையன் மே என்னும் மாணவர், 1963இல் தம் தந்தையுடன் சேர்ந்து ஒரு மின்கித்தாரைச் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மரச்சட்டம் கழுத்தாயிற்று. மோட்டார் சைக்கிளின் சுருள்வில்லும் அதில் இடம்பெற்றது. அவர் தாமே செய்த பிக்கப்புகள் சரிவர ஒலிக்கவில்லை. அவற்றைக் கழற்றிவிட்டு வேறு பொருத்தினார். பின்னாளில் ‘குவீன்’ இசைக்குழுவில் அவர் உலகெங்கும் வாசித்தது அந்தக் கித்தாரையே. 2007இல் அவர் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். கைவேலை படிப்பைக் கெடுக்கும் என்பாருக்கு இதுவே தக்க மறுமொழி.

பழுது பார்க்கும் பழக்கம் அருகினால் இழப்பு பெரிது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கைப்படி, 2022இல் உலகம் 62 மில்லியன் டன் மின்னணுக் கழிவுகளை உருவாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது கால் பங்கிற்கும் குறைவே. குமிழில் படிந்த தூசியால் கரகரக்கும் கித்தாரைச் சில நிமிடங்களில் துப்புரவு செய்து மீட்கலாம். அறியாமையால் அதுவும் குப்பைக்குச் செல்கிறது. 1960ஆம் ஆண்டுகளில் ‘பாப் யே யே’ இசை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கொடிகட்டிப் பறந்தது. அக்காலத்துக் கருவிகள் குப்பைக்குப் போனால், அவற்றோடு ஒரு தலைமுறையின் ஒலியும் மறைந்துவிடும்.

இத்தகைய கைவேலை ஆபத்தானது, தேர்வுக்கு உதவாதது என்று பெற்றோர் அஞ்சக்கூடும். அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரில், மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் தேங்கியிருக்கலாம். அதைத் திறப்பது பயிற்சி பெற்றவரின் பணி. மாணவர் அதைத் தொடலாகாது. ஆனால், 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் சிறிய ஆம்ப்ளிஃபையரை ஆசிரியர் மேற்பார்வையில் பாதுகாப்பாகச் செய்யலாம். செலவையும் குறைக்கலாம். வீடுகளில் முடங்கிக் கிடக்கும் பழைய கித்தார்களைத் திரட்டினால், ஐவருக்கு ஒன்று என வகுப்பே பயன்பெறும்.

இதற்குப் புதிய பாடமும் தேவையில்லை. 2017இல் தொடங்கிய கே.எஸ்.எஸ்.எம். கலைத்திட்டத்தில், கீழ்நிலைப் படிவங்களுக்கு ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடம் உள்ளது. மின்னணு வடிவமைப்பும் அதில் அடங்கும். அப்பாடம் வரைபடத்தோடும் அறிக்கையோடும் நின்றுவிடாமல், இயங்கும் ஒரு பொருளில் முடிய வேண்டும். முதல் முயற்சியில் ஒலி வராமல் போகலாம். எந்த இணைப்பு விட்டுப்போனது என்று தேடும் அந்த அரைமணி நேரமே உண்மையான கல்வி. அவ்வாறு தேடிப் பழகிய மாணவர், நாளை மூவாரின் ஆலைகளில் பணியாளராக மட்டுமன்றிப் புதியன படைப்பவராகவும் நுழைவார்.