வழி கேட்கத் தெரிந்த வழிகாட்டி

கட்டிடத்தைச் சுற்றிக் காட்டும் ரோபோ என்றதும் பலருக்கு மனக்கண்ணில் தோன்றுவது ஒரு பொம்மை. உருண்டைக் கண்கள், சிரித்த முகம், "வாங்க, வாங்க" என்று வரவேற்கும் குரல். மாணவர்கள் இப்படி ஒரு ரோபோவைச் செய்யத் தொடங்கினால் முதல் விவாதமே முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் தொடங்கும். வந்தவர் போக வேண்டிய அறைக்குப் போய்ச் சேர்ந்தாரா என்ற கேள்வி கடைசியில்தான் வரும்.

ஒரு வழிகாட்டி ரோபோ நல்லதா இல்லையா என்பதை எதை வைத்து அளப்பது? அதைச் சுற்றிக் கூடும் கூட்டத்தை வைத்தா? வழி தெரியாமல் நின்ற ஒருவர் சேர வேண்டிய இடம் சேர்ந்ததை வைத்தா? இத்துறையின் வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கிறது.

1997ஆம் ஆண்டு மே மாதம். ஜெர்மனியின் பான் நகரில் உள்ள டாய்ச்சஸ் மியூசியம். ரைனோ என்ற ரோபோ அங்கே ஆறு நாட்கள் வழிகாட்டியாக வேலை பார்த்தது. வொல்ஃப்ராம் புர்கார்ட், செபாஸ்டியன் த்ரூன் முதலிய ஆய்வாளர்கள் உருவாக்கியது அது. 47 மணி நேரத்தில் 18.6 கிலோமீட்டர் ஓடியது.

அதற்கு வந்த பெரிய தலைவலி கண்ணாடி. லேசர் ஒளி கண்ணாடியை ஊடுருவிப் போய்விடும். எதிரே பெரிய கண்ணாடிப் பெட்டி இருந்தாலும் ரோபோவுக்கு அது வெற்றிடம்தான். எனவே கண்ணுக்குத் தெரியாத தடைகளை எல்லாம் ஆய்வாளர்கள் முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து வைத்தார்கள். ஆனால் வரைபடம் பயன்பட வேண்டுமானால், அதில் தான் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பது ரோபோவுக்குத் தெரிய வேண்டும். அங்கே பிசகினால் மோதல்தான்.

இதற்கு அவர்கள் கண்ட வழி சுவையானது. "இங்கேதான் இருக்கிறேன்" என்று ரைனோ அடித்துச் சொல்லாது. இந்த இடத்தில் இருக்க இவ்வளவு வாய்ப்பு, அந்த இடத்தில் இருக்க இவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுக்கொண்டே நகரும். சந்தேகத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டதால்தான் அது கூட்டத்துக்கு நடுவே தாக்குப் பிடித்தது.

அடுத்த ஆண்டு, 1998இல், மினர்வா வந்தது. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனின் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இரண்டு வாரங்களில் 44 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. இதற்கு முகம் உண்டு. யாராவது வழியை மறித்தால் புன்னகை மறையும், போகப்போகக் கோபக்குறி தோன்றும், குரலும் மாறும். மக்கள் அதை ரசித்தார்கள். ஆனால் மினர்வாவின் உண்மையான கெட்டிக்காரத்தனம் முகத்தில் இல்லை, அது நடந்த பாதையில் இருந்தது. அகன்ற கூடத்தின் நடுவே ஆட்கள் சூழ்ந்துகொண்டால் அடையாளம் எதுவும் தெரியாமல் வழி தவறிவிடும். அதனால் கரை கண்ணில் படும்படி செல்லும் பழங்காலக் கப்பலைப் போல, அடையாளங்கள் தென்படும் பக்கமாகவே அது தன் பாதையை அமைத்துக்கொண்டது. தனக்கு எங்கே தடுமாற்றம் வரும் என்பதை அறிந்து வைத்திருந்த இயந்திரம் அது!

இவை பெரிய சாதனைகள். மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வந்தவர்களில் பலருக்கு வழிகாட்டியே காட்சிப்பொருள் ஆகிவிட்டது. ரைனோவின் வழியை வேண்டுமென்றே மறித்துச் சோதித்தவர்கள் உண்டு. அதை வேறு பக்கம் இழுத்துப் போய் விழ வைக்கப் பார்த்தவர்களும் உண்டு. வழி தெரியாமல் தவிப்பவர் செய்யும் வேலையா இது?

இந்தப் போக்கின் உச்சம் 2013 ஜூலையில் டோக்கியோவில் தெரிந்தது. மிராய்கான் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஹோண்டாவின் அசிமோ ரோபோவை வழிகாட்டியாக நிறுத்திச் சோதித்தார்கள். இரண்டு காலில் நடக்கும், ஓடும், உலகப் புகழ் பெற்ற ரோபோ. கேள்வி கேட்க விரும்புவோர் கை உயர்த்த வேண்டும் என்பது ஏற்பாடு. பார்வையாளர்களோ அதைப் படம் பிடிக்க செல்போனைத் தூக்கினார்கள். அசிமோ அதைக் கேள்வி கேட்க உயர்த்திய கை என்று எடுத்துக்கொண்டு, யார் கேட்கப் போகிறீர்கள் என்று விசாரித்தபடி நின்றது. ஓடத் தெரிந்த காலுக்கு எதிரே நிற்பவர் எதற்காகக் கை தூக்கினார் என்பது புரியவில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மானுவேலா வெலோசோவின் குழு உருவாக்கிய கோபாட் ரோபோக்கள் அங்குள்ள கட்டிடத்தில் விருந்தினரை அறைக்கு அழைத்துச் செல்லும் வேலையையும் செய்தன. அவற்றுக்குக் கை கிடையாது. லிப்ட் பட்டனை அழுத்த முடியாது. என்ன செய்தன? லிப்ட் அருகில் நின்று, அங்கே வருபவரிடம் பட்டனை அழுத்தித் தரும்படி கேட்டன. எங்கே இருக்கிறோம் என்ற குழப்பம் வந்தாலும் ஆளைக் கேட்டன. இப்படிக் கேட்டுக் கேட்டே அந்த ரோபோக்கள் 2014இல் மொத்தம் 1,000 கிலோமீட்டரைத் தாண்டின. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது ரோபோவுக்கும் பொருந்துகிறது.

இதைச் சிலர் குறையாகச் சொல்லக்கூடும். பிறர் உதவியில்லாமல் இயங்குவதுதானே ரோபோ என்று கேட்கலாம். கை பொருத்தி, பட்டனை அடையாளம் காணக் கற்றுக் கொடுப்பதும் முடியாத காரியம் அல்ல. ஆனால் எத்தனை கைகள் பொருத்தினாலும் ரோபோவுக்குப் புரியாத ஏதோ ஒன்று கட்டிடத்தில் எப்போதும் இருக்கும். பூட்டிய கதவு, ஈரத் தரை, இடம் மாற்றிப் போட்ட நாற்காலிகள். அப்போது தெரிந்த மாதிரி நடிக்கும் ரோபோ ஆபத்தானது. தெரியாது என்று சொல்லும் ரோபோவை நம்பலாம்.

யாரை நம்ப வைக்கப் போகிறோம் என்பதுதான் அடுத்த கேள்வி. கண் தெரிந்தவருக்கு அறிவிப்புப் பலகை இருக்கிறது. அம்புக்குறி இருக்கிறது. ரோபோ தவறான பக்கம் திரும்பினால் சிரித்துவிட்டு அவர் தம் வழியில் போய்விடுவார். பார்வையற்றவருக்கு அந்தச் சலுகை இல்லை. ரோபோ செய்யும் தவறு அவர் உடம்பில் படும்.

அசிமோ தடுமாறிய அதே மிராய்கானுக்கு 2021இல் சியெகோ அசகாவா இயக்குநரானார். பதினான்கு வயதில் பார்வையை முழுவதும் இழந்த கணினி விஞ்ஞானி அவர். அவரது முயற்சியில் உருவான வழிகாட்டி ரோபோவுக்கு முகமே கிடையாது. பார்ப்பதற்குச் சக்கரம் வைத்த சூட்கேஸ்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் தடைகளை விலக்கி முன்னே செல்லும். திரும்ப வேண்டிய பக்கத்தைக் கைப்பிடியின் அதிர்வால் உணர்த்தும். சுற்றியிருப்பவர்கள் அதை வேடிக்கை பார்க்க மாட்டார்கள். அந்த அருங்காட்சியகத்தில் அசிமோவின் நிகழ்ச்சி 2022 மார்ச்சில் முடிந்தது. அங்கே இன்று பார்வையற்றவர்கள் இந்தச் சூட்கேஸைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். எதன் பயன் பெரிது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் மனித வழிகாட்டிகளின் வேலை போய்விடாதா? அருங்காட்சியகத்தில் ஒரு பொருளின் முன் நின்று கதை சொல்லும் மனிதருக்கு ஈடாக எந்த ரோபோவும் வரவில்லை. வரவும் வேண்டாம். கழிவறை எங்கே, லிப்ட் எங்கே என்று ஒவ்வொரு முறையும் ஒருவரின் தோளைப் பிடிக்காமல் தானாகப் போய்வர நினைப்பவருக்கு உதவுவதே ரோபோவின் வேலை. யாரையும் தொந்தரவு செய்யாமல், தன் விருப்பப்படி நின்று, தன் வேகத்தில் நடப்பது சின்ன விஷயம் அல்ல. கண் தெரிந்தவர்களுக்கு அது தினமும் கிடைப்பதால் அதன் அருமை தெரிவதில்லை.

ஆகவே இனி வழிகாட்டி ரோபோ செய்யப் புறப்படும் மாணவர்கள் முகத்தை வரைவதற்கு முன் மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இது யாருக்காக? வழி தவறியதை இது எப்படித் தெரிந்துகொள்ளும்? தெரிந்ததும் யாரிடம், எப்படிக் கேட்கும்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு, நேரம் மிச்சமிருந்தால் முகத்தையும் வரையலாம்.