சைக்கிளுக்கு எஞ்சினா? கொஞ்சம் நில்லுங்க!



கிளைக் கூட்டம் முடிந்ததும் இளைஞர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அண்ணே, சைக்கிள்ல மாட்டுற சின்ன எஞ்சின் வாங்கலாம்னு இருக்கோம். எது நல்லது?" கைப்பேசியில் படத்தையும் காட்டுகிறார்கள். பெட்டி வீட்டுக்கே வந்துவிடுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாட்டி முடித்துவிடலாமாம்.

கேள்வி நியாயமானது. லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கும் நிரைக்கும் இரண்டு மூன்று மைல் போகவேண்டிய தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. விடியற்காலை இருட்டில், செம்மண் மேட்டில் மிதித்துப் போகிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆகவே, "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகப் போவதில்லை. முதலில் சரக்கைப் பார்ப்போம்.

இந்த யோசனை புதிதல்ல. போர் முடிந்த ஜப்பானில் சொய்ச்சிரோ ஹோண்டா, ராணுவ வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் கொடுத்த சின்ன எஞ்சின்களை வாங்கி 1946இல் சைக்கிளில் மாட்டித்தான் விற்றார். அப்புறம்தான் 1958இல் சூப்பர் கப் வந்தது. நம் வாசலில் நிற்கும் கப்சாய்க்குத் தாத்தா அதுதான். சைக்கிளில் எஞ்சின் மாட்டத் தொடங்கியவரே, கடைசியில் எஞ்சினுக்கென்று தனியாக ஒரு வண்டி செய்தார். இதைக் கவனியுங்கள்.

இப்போது விற்பனைக்கு வருபவை மூன்று விதம்.

ஒன்று, டூ ஸ்ட்ரோக். விலை குறைவு, சத்தமும் புகையும் அதிகம். விளம்பரத்தில் 80 சிசி என்று போடுவான். ஆனால் வழக்கமாக வரும் எஞ்சினின் உருளை விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 38 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 66 சிசிதான் வரும். பெட்ரோலில் எண்ணெய் கலக்க மறந்தால் பிஸ்டன் இறுகிப் போகும். பல் சக்கரத்தைப் பின் சக்கரக் கம்பிகளின் மேலேயே இறுக்கிக் கட்டுகிறார்கள். அந்தக் கம்பிகள் ஆள் பாரத்தைத் தாங்கச் செய்தவை. எஞ்சின் இழுப்பைத் தாங்கச் செய்தவை அல்ல.

இரண்டு, போர் ஸ்ட்ரோக். புல்வெட்டு மிஷினில் நாம் தோளில் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறோமே, அந்த ஜாதி. ஹோண்டா ஜிஎக்ஸ்35 என்பது 35.8 சிசி, ஏறத்தாழ ஒரு கிலோவாட் சக்தி. எண்ணெய் கலக்கத் தேவையில்லை, சத்தம் குறைவு, உதிரிப் பாகம் கிடைக்கும். எஞ்சினை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் இதுவே மேல்.

மூன்று, மின்சார மோட்டார். பெட்ரோல் வேண்டாம், புகை இல்லை. பேட்டரிக்குத்தான் காசு.

ஆனால் எஞ்சின் நல்லதா என்பது பாதிக் கேள்விதான். எதில் மாட்டுகிறோம் என்பது மீதிக் கேள்வி. ஒரு ஆள் தொடர்ந்து மிதித்தால் நூறு வாட் அளவுக்குத்தான் சக்தி வரும். ஒரு கிலோவாட் எஞ்சினை மாட்டினால் பத்துப் பேர் சேர்ந்து மிதித்த மாதிரி! வேகம் இரண்டு மடங்கானால் மோதும் பலம் நான்கு மடங்காகும். பிரேக் கட்டை அதே ரப்பர் கட்டைதான். மழையில் ரிம் நனைந்தால் அதுவும் வழுக்கும். முன் முள் ஒடிந்தால் விழுவது முகம்தான்.

அடுத்தது சட்டம். 2021 டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட விதிகள் மொப்பெட் முதலிய சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று தடுத்திருக்கின்றன. எஞ்சினோ மின் மோட்டாரோ இரண்டுமோ பூட்டிய, 50 கிலோமீட்டர் வேகத்துக்கு உட்பட்ட வண்டிகள் அந்த மொப்பெட் கணக்கில் வருகின்றன. நம் எஞ்சின் சைக்கிள் நம்பர் பிளேட் இல்லாதது. நம்பர் இல்லையென்றால் இன்சூரன்ஸ் இல்லை.

"சொக்சோ இருக்கே அண்ணே?" என்று கேட்கலாம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்து சொக்சோ பாதுகாப்பில் அடங்குவது உண்மைதான். ஆனால் அது தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பு. நீ இடித்துத் தள்ளிய கிழவிக்கு அது ஒரு காசும் தராது. அந்தச் செலவைக் கட்டுவது வண்டி இன்சூரன்ஸ். அது இல்லாவிட்டால் உன் சம்பளமும் உன் பெண்டாட்டி தாலியும்தான் கட்டவேண்டும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக வந்தது. அந்த வெள்ளியில் எத்தனை மாதம் ஒரு வழக்கைத் தாங்க முடியும்?

தாய்மார்களே, இது உங்களுக்கு. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் நள்ளிரவுக்குப் பின், மாற்றியமைத்த சைக்கிள்களில் சாலைக்கு வந்த சிறுவர்களில் எட்டுப் பேர் கார் மோதி மாண்டார்கள். அவை வெறும் சைக்கிள்கள். எஞ்சின் மாட்டிய சைக்கிளைப் பள்ளிக்கூடப் பையன் கையில் கொடுக்கலாமா? 16 வயது ஆனால்தான் மோட்டார் சைக்கிள் லைசென்சே எடுக்க முடியும்.

அப்படியானால் என்ன செய்வது? எஞ்சின் பெட்டிக்கு வைத்த காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு பழைய கப்சாய் வாங்குங்கள். கெரானில் உள்ள எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெயர் மாற்றாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். 150 சிசி வரை சாலை வரி ஆண்டுக்கு இரண்டே வெள்ளி. சைக்கிள்தான் வேண்டும் என்றால், மிதித்தால் மட்டுமே உதவி, 25 கிலோமீட்டரில் தானாக நின்றுவிடும் 250 வாட் மோட்டார் சைக்கிளாகப் பாருங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்ட பிறகு காசை எடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வேலைத்தலம் மூன்று மைல் தள்ளி இருப்பது தொழிலாளியின் குற்றமா? குலையை ஏற்ற லாரி இருக்கிறது, உரத்தை ஏற்ற டிராக்டர் இருக்கிறது. ஆளை மட்டும் சொந்தச் செலவில் வரச் சொல்வது என்ன நியாயம்? எந்த நிரை எத்தனை மைல், யார் யார் எப்படிப் போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். முறையான வண்டி, இல்லாவிட்டால் பயணப்படி, இதைக் கோரிக்கையாக நிர்வாகத்தின் மேசையில் வைப்போம். ஒருத்தன் கேட்டால் முணுமுணுப்பு, எல்லாரும் கேட்டால் பேச்சுவார்த்தை!