மலைகள் மறுத்த சுமை

அண்மையில் ஹட்டனில் ஓர் இலக்கியச் சந்திப்பிலே இரண்டு பேச்சுகளைக் கேட்டேன். யந்திரம் மனித அறிவை மிஞ்சப் போகிறது, கவிஞனுக்கும் ஆசிரியனுக்கும் இனி வேலையில்லை என்றார் முதலாமவர். அல்லாஹ் படைத்த மூளையை மனிதன் செய்த யந்திரம் ஒருபோதும் மிஞ்சாது என்றார் அடுத்தவர். ஆதம் நபிக்குப் பெயர்கள் யாவும் கற்றுக்கொடுக்கப்பட்டதை ஆதாரமும் காட்டினார். இருவருக்கும் கைதட்டல் கிடைத்தது. எனக்கோ இருவர் மீதும் கோபம் வந்தது.

இரண்டாமவருக்கு முதலில் சொல்லவேண்டும். 1997இல் சதுரங்க உலகச் சம்பியன் கஸ்பரோவைக் கணனி வென்றது. 2016இல் 'கோ' விளையாட்டின் பெருவீரர் லீ செடோலை வென்றது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்தபின், கேட்டதும் கட்டுரையும் கவிதையும் எழுதித் தருகிறது. பாரந்தூக்கி மனிதனைவிட அதிகமாகத் தூக்குவதால் படைத்தவனின் மகிமை குறைந்து போனதா? கணக்கிலும் எழுத்திலும் யந்திரம் முந்திவிட்டாலும் குறையாது. ஈமானைச் சதுரங்கப் பலகையின் மேல் வைத்துப் பந்தயம் கட்ட வேண்டாம். இன்னும் சிலர் இருக்கிறார்கள். 'அல்கோரிதம்' என்ற சொல்லே ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாத் அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்று மார்தட்டுவதோடு தங்கள் கடமை முடிந்தது என்று இருப்பவர்கள். பாட்டனின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால் பேரனுக்குக் கணக்கு வராது.

முதலாமவரின் அச்சத்தை நான் பரிகசிக்கவில்லை. இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டனே 2023இல் கூகிளை விட்டு விலகி, ஆபத்து வருகிறது என்று எச்சரித்தார். அடுத்த ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் நம்மவரின் அச்சம் என்றோ வரப்போகும் அதிமேதை யந்திரத்துக்காக வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்கிறது. காலடியில் நடப்பதைப் பார்ப்பதில்லை.

பிரித்தானியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே தபாலகங்களுக்கு 1999இல் 'ஹொரைசன்' என்ற கணனிக் கணக்கு முறை வந்தது. பணம் குறைகிறது என்று அது காட்டியது. சிறிய தபாலகங்களை நடத்தியவர்கள் நாங்கள் எடுக்கவில்லை என்று மன்றாடினார்கள். நீதிமன்றங்கள் கணனியை நம்பின. 700க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். அந்தத் தீர்ப்புகளை ரத்துச் செய்யும் சட்டம் 2024இல்தான் வந்தது. மனித அறிவை மிஞ்சிய யந்திரமா அது? கூட்டல் கழித்தலில் பிழைவிட்ட யந்திரம்! யந்திரம் மனிதனை ஆள்வதற்கு அறிவு தேவையில்லை. அதன் பின்னால் ஒளிந்துகொள்ள ஒரு மனிதன் இருந்தால் போதும்.

இதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து மக்கள் இலண்டன் வரை போகவேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கொஞ்சநேரம் நின்றால் போதும். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கிலோக் கழிப்பதும், நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவதும் அவர்கள் பரம்பரையாக அறிந்தவை. பழைய தராசு காலத்தில் கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சண்டையாவது பிடிக்கலாம். இலக்கங்கள் ஒளிரும் தராசு வந்த ஒரு தோட்டத்திலே, "என்னங்கய்யா, இம்புட்டுத்தானா?" என்று கேட்ட அம்மாவுக்கு, "மெசின் பொய் சொல்லாதும்மா" என்று பதில் வந்ததை என் காதால் கேட்டேன். தராசு பொய் சொல்லவில்லைதான். எவ்வளவு கழிப்பது என்று தீர்மானித்தது தராசும் அல்லவே! அளவை நிறுவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு. அங்கே குற்றஞ்சாட்டப்படுவது தராசு அல்ல, நிறுப்பவன்.

2023இல் 'அஸ்வெசும' நிவாரணத் திட்டம் வந்தபோதும் நாடு இதைத்தான் கண்டது. கல்வி, சுகாதாரம், வீடு, சொத்து முதலான 22 குறிகாட்டிகளைக் கொண்டு வறுமை அளக்கப்பட்டது. பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. அளவுகோல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்த்தவர் பார்த்தபடி பெயர் எழுதிய காலத்தையும் நாம் அறிவோம். ஆனால் புள்ளியால் விலக்கப்பட்ட ஏழைக்குக் காரணம் சொல்ல ஒரு மனிதன் முன்னே வந்து நிற்கவேண்டும். நாளை உண்மையிலேயே நம்மை மிஞ்சிய அறிவுடன் யந்திரம் வந்தால், பொறுப்பிலுள்ளவர்கள் ஒளிந்துகொள்ள இன்னும் வசதியான இடம் கிடைக்கும். அவ்வளவு பெரிய அறிவை எதிர்த்துப் பேச ஏழைக்கு இன்னும் துணிவு குறையும். நான் அஞ்சுவது இதற்குத்தான்.

அமானிதத்தை வானங்களுக்கும் பூமிக்கும் மலைகளுக்கும் எடுத்துக் காட்டியபோது அவை சுமக்க மறுத்து அஞ்சின என்றும், மனிதன் சுமந்துகொண்டான் என்றும் அல்அஹ்ஸாப் அத்தியாயம் கூறுகிறது. அதே வசனம் அவனை அநியாயக்காரன், அறிவீனன் என்றும் சொல்கிறது. சிந்தித்துப் பாருங்கள். அவன் மகா புத்திசாலி என்பதற்காக அந்தச் சுமை அவன் தோளுக்கு வரவில்லை. ஆகவே அவனைவிடப் புத்திசாலியாக ஒன்று வந்துவிட்டது என்பதற்காக அது இறங்கிப் போகவும் மாட்டாது. மறுமையில் விசாரணை மனிதனுக்கே, அவன் செய்த கணனிக்கு அல்ல.

ஊருக்கு உபதேசிக்கும் நானும் இந்தச் சுமையை இறக்கி வைத்தவன்தான். சென்ற வருடம் மாணவர் கையெழுத்துச் சஞ்சிகைக்கு 'என் தாய்' என்ற கட்டுரை கேட்டேன். ஒரு மாணவன் கொண்டுவந்ததில் ஒரு சந்திப்பிழை கூட இல்லை. லயத்திலிருந்து வரும் ஒரு மாணவியோ, மழையில் கொழுந்தெடுத்து வந்த தாயின் காலில் ஒட்டியிருந்த அட்டையைத் தான் உப்பு வைத்து எடுத்ததை எழுதியிருந்தாள். ல, ள, ழ மூன்றும் தடுமாறின. முதலாவதைச் சஞ்சிகையில் சேர்த்தேன். இரண்டாவதில் சிவப்பு மையால் கோடுகளைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். முதலாவது கைத்தொலைபேசியில் யந்திரம் எழுதிக் கொடுத்தது என்று பின்னர்தான் தெரிந்தது. அந்தக் கட்டுரையின் தாய்க்கு ஊருமில்லை, காலுமில்லை என்பதை நான் கவனிக்கவேயில்லை. அந்தப் பிள்ளையைத் தோற்கடித்தது யந்திரம் என்று சொல்லித் தப்ப முடியுமா? சிவப்புப் பேனா என் கையில்தானே இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த இதழில் அவளது கட்டுரையைச் சேர்த்தேன்.

எழுத்தாள நண்பர்களே, யந்திரம் நம்மை மிஞ்சுமா என்ற பட்டிமன்றத்தை இனி விடுங்கள். மிஞ்சினால் மிஞ்சட்டும். பட்டியலோ, நிறுவையோ, பரீட்சைப் புள்ளியோ எது வந்தாலும், "இதற்குப் பொறுப்பு யார்? அவர் பெயர் என்ன?" என்று கேட்க நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். பதில் சொல்ல ஒரு மனிதன் எழுந்து வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.