பேசாத பிள்ளை

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் பலர் இராசகிரியின் அடிவாரத்தோடு நின்றுவிடுகின்றனர். களஞ்சியத்தையும் கல்யாண மகாலையும் யானைக் குளத்தையும் கண்டு, வெயிலுக்கு அஞ்சித் திரும்பிவிடுகின்றனர். துணிந்து மேலே ஏறுவோர் உச்சிக்கு அருகில் ஆழமான மலைப்பிளவு ஒன்றைக் காண்பர். அதன்மேல் ஒரு சிறு பாலம் உண்டு. அந்நாளில் அப்பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக் கோட்டைக்குள் எவரும் நுழைதல் அரிது. உள்ளே நெல்லும் நீரும் நிறைந்திருந்தாலும் கீழே நிற்பவனுக்கு அது தெரியாது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது என்றால் அதன் அரண் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

சில குழந்தைகளின் நிலையும் இத்தகையதே. அறிவு உண்டு, அன்பு உண்டு, விளையாட்டில் ஆர்வமும் உண்டு. சொல் என்னும் பாலம் மட்டும் செவ்வையாக அமையவில்லை. கீழே நிற்கும் நாம், உள்ளே ஒன்றும் இல்லை என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். ‘மக்கு’ என்று பெயரும் இடுகிறோம். இது பெரும்பிழை என்பது என் கருத்து.

பிள்ளை பேசத் தாமதித்தால் நம் வீடுகளில் என்ன நிகழ்கிறது? “இவன் தந்தையும் ஐந்து வயதில்தான் பேசினான்” என்பார் பாட்டி. நாவில் வசம்பைத் தேய்ப்பார் ஒருவர். கோயிலுக்கு நேர்ந்துகொள்வார் மற்றொருவர். அவர்களுடைய அன்பில் குறை இல்லை. தாமதமாகப் பேசும் குழந்தைகளுள் பலர் தாமாகவே தேறிவிடுவதும் உண்மையே. ஆனால் எந்தக் குழந்தை தேறும், எந்தக் குழந்தை தேறாது என்பதை முன்கூட்டி அறிய இயலாதே! காத்திருப்பதால் வீணாகும் ஆண்டுகளோ மொழி விரைந்து வளரும் ஆண்டுகள்.

ஆகவே உற்று நோக்குதல் வேண்டும். ஓராண்டு நிறையும்போது குழந்தை தன் பெயர் கேட்டுத் திரும்பும். ஒன்றிரண்டு சொற்களைச் சொல்லத் தொடங்கும். இரண்டாண்டில் “அம்மா வா”, “பால் வேணும்” என்று இரு சொற்களைச் சேர்க்கும். மூன்றாண்டில் அதன் பேச்சு அயலாருக்கும் பெரும்பாலும் விளங்கும். இவை காலந்தாழ்ந்தால், முதலில் செய்ய வேண்டுவது செவியைச் சோதிப்பது. கேளாத ஒலியைக் குழந்தை எவ்வாறு பேசும்? தட்டைத் தட்டினால் திரும்புகிறதே என்று தாய் அமைதி கொள்வாள். பேரொலி கேட்கும் செவிக்கு மெல்லிய பேச்சொலி கேளாதிருக்கலாம். செவிக்குள் நீர் தேங்கினால் ஒருநாள் கேட்கும், மறுநாள் மங்கும். மருத்துவரிடமுள்ள கருவிகளே இதனைத் திட்டமாக உரைக்கும்.

செவி நன்றாக இருந்தும், அறிவில் குறையின்றியும், மொழி மட்டும் வளராத பிள்ளைகளும் உண்டு. 1997இல் அமெரிக்காவிலும் 2016இல் இங்கிலாந்திலும் வெளியான ஆய்வுகள், பள்ளியில் சேரும் வயதில் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 7 பேருக்கு இக்குறை இருப்பதாகக் கண்டன. ஒரு வகுப்பில் இருவர் எனலாம். அவர்களை ஏன் நாம் காண்பதில்லை? அவர்கள் ஓசையின்றி இருப்பதனால்தான். ழகரத்தைப் பிழையாக ஒலிக்கும் சிறுவனைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். முதியவர்களிலேயே பலர் அதனை ஒலிப்பதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆசிரியர் சொன்னது விளங்காமல், பக்கத்துப் பையனைப் பார்த்துப் புத்தகத்தைத் திறக்கும் சிறுவனை எவரும் கவனிப்பதில்லை. உண்மையில் கவனிக்கத்தக்கவன் இவனே.

இவனை அறிய எளிய வழி ஒன்று உண்டு. செஞ்சியில் தேசிங்கு ராசன் கதையை அறியாத பிள்ளை அரிது. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து மாண்ட அவ்விளைஞனின் கதையை ஆறு வயதுச் சிறுவர்களுக்குச் சொல்லுங்கள். பிறகு அவர்களைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். ஒருவன் குதிரையில் தொடங்கிப் போர்க்களம்வரை முறையாகச் சொல்வான். இன்னொருவன், “குதிரை போச்சு, ராசா சண்டை” என்று நிறுத்திவிடுவான். யார், எவரோடு, எதனால் என்ற இணைப்பு அவனிடம் இராது. வேற்றுமை உருபு நழுவும். ‘வந்தான்’ என்பதும் ‘வந்தாள்’ என்பதும் மயங்கும். ஒருநாள் இவ்வாறு நேர்ந்தால் அச்சமில்லை. மாதக்கணக்கில் நீடித்தால் சோதனை வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாயக்கரும் மராட்டியரும் மொகலாயரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறிமாறி ஆண்ட ஊர் இது. இன்றும் வீட்டில் உருதுவோ தெலுங்கோ பேசிப் பள்ளியில் தமிழ் கற்கும் பிள்ளைகள் இப்பகுதியில் உளர். அவர்கள் தமிழில் தடுமாறுவது குறையன்று. புதுமொழி கற்பதன் இயல்பு. தாய்மொழியிலும் அதே தடுமாற்றம் உண்டா என்று பெற்றோரைக் கேட்டறிய வேண்டும். கேளாமல் குறையென்று முத்திரை குத்துவது, குறையைக் காணாது விடுவதைப் போன்றே தீங்கானது.

2013 முதல் நடுவணரசின் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று சோதிக்கின்றனர். மொழி வளர்ச்சித் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டியவற்றுள் ஒன்று. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் அவர்கள், அந்நியர் முன் வாய் திறவாத சிறுவனைப் பற்றி என்ன அறிவார்கள்? ஆண்டு முழுவதும் உடனிருக்கும் ஆசிரியரும் பெற்றோரும் எடுத்துச் சொன்னாலன்றி அக்குறை வெளிப்படாது. பேச்சுப் பயிற்சி அளிப்போர் பெருநகரங்களில் மிகுந்தும் சிற்றூர்களில் அருகியும் இருப்பது மற்றொரு குறை. மைசூரில் 1965இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்துறையில் பலரைப் பயிற்றுவித்துள்ளது. அத்தகையோர் வட்டந்தோறும் வேண்டும்.

மாணவர்களே, உங்கள் தம்பியோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ இவ்வாறு இருக்கலாம். அவன் சொல்லைத் தேடித் தயங்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு முடித்துவிடாதீர்கள். சிறிய வாக்கியமாகச் சொல்லுங்கள். பொருளைக் கையால் காட்டுங்கள். அவன் “குதிரை போச்சு” என்றால், “ஆமாம், தேசிங்கின் குதிரை போர்க்களத்துக்குப் போயிற்று” என்று விரித்துச் சொல்லுங்கள். பிறகு அவன் வாயைத் திறக்கும்வரை சற்றே பொறுத்திருங்கள்.